மதியச் செய்தியில் பதினான்கு நொடி

உலகத்தில் மனிதன் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலைகளிலேயே மிகச் சுலபமானது, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹைஃபா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவன், போதிய கள ஆய்வுக்குப் பிறகு, முழுப் பொறுப்போடு வெளியிடும் முடிவு இது. எழுதித் தருவது ஒருவர். எழுதியதைக் கண்ணுக்கு நேரே கண்ணாடியில் ஓடவிடுவது இன்னொருவர். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று காதுக்குள் சொல்வது வேறொருவர். முகத்துக்கு மாவு பூசவும் ஆள் உண்டு. மிச்சமிருப்பது உட்கார்ந்திருப்பது மட்டும்தான். இந்த ஏற்பாட்டில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகூடச் செய்தி வாசிக்கும். முகத்தில் சலனம் காட்டாத விஷயத்தில் மற்றவர்களைவிட நன்றாகவே வாசிக்கும்.

இந்த முடிவை நான் முதன்முதலில் வெளியிட்டது வட இஸ்ரேலின் அரபு ஊரான ஷஃபா அம்ரில், எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு காலை ஐந்தரை மணிக்கு. கேட்டவள் என் அக்கா ரனீன். அவள் அப்போது மைக்ரோவேவ் அடுப்புக்கு மதிய வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தினமும் அப்படித்தான். மைக்ரோவேவின் கறுப்புக் கண்ணாடிக் கதவில், செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை ஒட்டுவாள். எதிரே ஸ்டூலைப் போட்டு நிமிர்ந்து உட்காருவாள். முகவாயை அரை விரல் தாழ்த்திக்கொண்டு, வட்டி விகிதம், ரயில் வேலைநிறுத்தம், தக்காளி விலை என்று ஹீப்ருவில் அடுப்புக்கு அறிவிப்பாள். நடுவில் கீழே பார்க்கக் கூடாது என்பது அவளுடைய விதி. அடுப்பும் ஒருமுறைகூடக் குறுக்கே பேசியதில்லை.

"ரனீன், இந்த மைக்ரோவேவ் மாதிரி ஒரு விசுவாசமான நேயர் உனக்கு நாட்டுலயே கிடைக்க மாட்டாங்க. சேனலே மாத்தறதில்ல."

"யஸான், போய்ப் பல்ல விளக்கு. நாத்தம் இங்க வரைக்கும் வருது."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கண்ணாடியில எழுத்து ஓடுது. அத வாசிக்கணும். ரெண்டாம் கிளாஸ்லயே நீ நல்லாத்தானே வாசிச்ச? அதுக்கு எதுக்கு ஒத்திகை?"

"மூஞ்சிக்கு நேரா ஒருதடவ சிவப்பு லைட்டு எரியட்டும். அப்பறம் வந்து பேசு."

அம்மா காபி ஊற்றிக்கொண்டே, "யஸான், அவள விடுடா. அவ படிக்கிறா," என்றாள். எங்கள் அம்மாவுக்கு வேலை, படிப்பு என்ற வேறுபாடு கிடையாது. கையில் தாள் இருந்தால் படிப்பு. "நீயும் கொஞ்சம் படிச்சா உன் பல்கலைக்கழகத்துக்காரங்க சந்தோஷப்படுவாங்க."

நான் மாணவர் இதழில் மாதம் ஒரு நையாண்டிப் பத்தி எழுதுகிறேன். அந்த மாதம் எழுதியதன் தலைப்பு 'மைக்ரோவேவுக்கு மதிய வணக்கம்'. தண்ணீர்த் தொட்டி விவரமும் அதில் இருந்தது. யார் பெயரையும் குறிப்பிடவில்லை. ஷஃபா அம்ரில் ஹீப்ரு சேனல் பெண் நிருபர் ஒருத்திதான் இருக்கிறாள் என்பதால் குறிப்பிடும் தேவையும் இருக்கவில்லை.

ரனீன் அந்தச் சேனலில் ஐந்து வருடமாக வடக்கு வட்டார நிருபர். வடக்கு என்றால் அதில் மலை உண்டு, துறைமுகம் உண்டு, ரயில் உண்டு, தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் அவள் கைக்கு வருவது ஒரு நாட்காட்டி. ரமலான் என்றால் தெருவிளக்குத் தோரணம். அக்டோபர் என்றால் ஆலிவ் அறுவடை. டிசம்பர் என்றால் ஹைஃபாவின் கிறிஸ்துமஸ் மரம். எந்த அரபு ஊரிலாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மாதக் கணக்கெல்லாம் இல்லை, உடனே ரனீன். பட்ஜெட்டும் வானிலையும் வேறு ஆட்களுக்கு.

அவளுடைய தோழி அல்மாஸிடமும் இப்படி ஒரு நாட்காட்டி இருந்தது. அல்மாஸின் பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து வந்த யூதர்கள். அவள் நெத்தன்யாவில் பிறந்தவள். நவம்பரில் அவர்களுடைய சிக்த் பண்டிகை வந்தால், அன்று ஒருநாள் மட்டும் அல்மாஸ் நேரலையில் தோன்றுவாள். மற்ற நாட்களில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அடுத்தவர் காதில் "பத்து, ஒம்பது, எட்டு" என்று எண்ணுவாள். இருவரும் போனில் பேசுவதை எங்கள் வீடே கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ரனீன் வெங்காயம் நறுக்குவாள்.

"உனக்கு ஒரு நேயர் எழுதியிருக்காரு ரனீன். 'உங்க ஹீப்ரு எவ்வளவு அழகா இருக்கு! எங்க கத்துக்கிட்டீங்க?'"

"பதில் போடு. 'நன்றி. உங்க ஹீப்ருவும் ரொம்ப நல்லா இருக்கு. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?'"

"நெசமாவே அனுப்பிடவா?"

"அனுப்பு. கீழ ஒரு பூ போட்டு அனுப்பு."

அந்த நாட்காட்டியில் ரனீன் மனதார வெறுத்தது பிட்டா ரொட்டியை. பஸ்கா வாரத்தில் யூதர்கள் புளித்த மாவுப் பண்டம் எதுவும் தின்னக் கூடாது, அவர்களுடைய கடைகளில் விற்கவும் மாட்டார்கள். ரொட்டி அலமாரிகளைத் தாள் ஒட்டி மூடிவிடுவார்கள். வீட்டில் மாட்ஸா என்ற புளிக்காத காய்ந்த அப்பளத்தைக் கடித்துக் கடித்துச் சலித்தவர்கள் மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார்கள். எங்கள் பெரியப்பா அபு நக்லேயின் பேக்கரி வாசலில் அந்த வாரம் நிற்கிற வரிசை அமைச்சர் வீட்டுக் கல்யாணத்தில்கூட நிற்காது. அந்த வரிசைக்கு முன்னால் கையில் சூடான ரொட்டியோடு நின்று, 'இது கூட்டு வாழ்வின் மணம்' என்று முடிகிற செய்தியை ஐந்து வருடமாக ரனீன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி வரி அவளுடையது அல்ல, செய்தி எடிட்டர் ஓதேதுடையது. வருடா வருடம் அவரே போன் செய்து ஞாபகப்படுத்துவார்.

அந்த வருடம் பஸ்காவுக்கு நான்கு நாள் முன்னால் ஓதேத் வேறு விஷயத்துக்காக அழைத்தார். மதியச் செய்தி வாசிப்பவர் குடும்பத்தோடு கிரேக்கத் தீவுக்குப் போகிறார். அவருக்குப் பதிலாக வாசிப்பவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். அவருக்கும் பதிலாக வாசிப்பவர் பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டார். ஆக, பண்டிகையின் நடுவில் ஐந்து நாள் நாற்காலி காலி.

"அஞ்சு நாளும் விபத்து இல்லாமப் போச்சுன்னா, சனிக்கிழமை மதியச் செய்தி உனக்குத்தான்," என்றார். "நிரந்தரமா."

இந்த நாட்டில் ஹீப்ரு செய்தி நாற்காலியில் ஓர் அரபுப் பெண் நிரந்தரமாக உட்காருவது தினமும் நடக்கிற காரியமில்லை. அம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குலவை போட்டாள். பக்கத்து வீட்டு உம் ஷிப்லி கையில் பாத்திரம் தேய்க்கும் நாரோடு ஓடிவந்து, "யாருக்கு நிச்சயம்? மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாள். "நாற்காலி," என்றேன் நான். அதற்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ரனீன் அடுத்த நான்கு நாளும் மைக்ரோவேவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தாள். சுடவைக்க அடுப்பு கிடைக்காமல் என் பால் ஆறியே கிடந்தது.

முதல் நாள் செய்திக்கு முந்தைய மாலை மறுபடி போன். ரனீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஓதேத்.

"ரனீன் கண்ணு, ஒரு சின்னச் சிக்கல்."

"சொல்லு ஓதேத்."

"நாளைக்கு பிட்டா."

"என்ன பிட்டா?"

"பிட்டா இல்லாம என்ன பஸ்கா வாரம்? மேல இருந்து கேக்கறாங்க. லைவ்தான் வேணுமாம். கையில ஆளே இல்ல, பாதி ஆபீஸ் லீவு. நாளைக்கு ஒருநாள் நீ ஊர்லயே இருந்து பிட்டாவ முடிச்சுடு. நாளன்னிக்கு நாற்காலியில உக்காரு."

"நாளைக்கு நாற்காலியில யாரு?"

"விளையாட்டுச் செய்தி வாசிக்கிற பையன் சும்மாதான் இருக்கான். சமாளிச்சுக்குவான்."

கத்தி நின்றது. நாளைக்கு உட்கார்கிறவன்தான் நாளன்றைக்கும் உட்காருவான் என்பது ரனீனுக்குத் தெரியும். போன வருடமும் ஆண்டு இறுதி நிகழ்ச்சிக்கு இதே மாதிரி ஒரு 'நாளன்னிக்கு' சொல்லியிருந்தார்கள். அந்த நாளன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"உனக்கு வேண்டியது பிட்டாவுக்கு ஓர் ஆள். அவ்வளவுதானே?"

"ஆமா. ஆனா உன்ன மாதிரி பிட்டா பண்ண வேற யாரு..."

"ஆள் நான் தரேன். இந்த ஊர்க்காரன். ஹீப்ரு நல்லாப் பேசுவான். பேக்கரிக்காரருக்குச் சொந்தம். வீடியோ கால்ல ரெண்டு நிமிஷம் பேசுவான், ஸ்டூடியோவுல இருந்து நான் கேள்வி கேக்கறேன். நாற்காலிய விட்டு நான் எந்திரிக்கிறதா இல்ல."

ஓதேத் மூச்சு விடுவது கேட்டது. "சொதப்பிட்டான்னா?"

"அப்ப உன் விளையாட்டுப் பையனையே உக்கார வெச்சுக்கோ. அஞ்சு நாளும். சனிக்கிழமையும்."

போனை வைத்தாள். சமையலறையில் அப்போது அம்மா, ரனீன், மைக்ரோவேவ், நான் ஆகிய நால்வர் இருந்தோம். ரனீனின் பார்வை மற்ற இருவரையும் தாண்டி என்னிடம் வந்து நின்றது.

"எதுக்கு என்னப் பாக்கற?"

"உலகத்துலயே சுலபமான வேலைன்னு யாரோ பத்திரிகையில எழுதியிருந்தாங்க."

"எழுதினவரு ஒரு கோட்பாடா சொல்லியிருப்பாரு."

"தண்ணித் தொட்டியே செய்யுமாம். உன்னால முடியாதா?"

"கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்."

"தொறந்துக்கிட்டே செய். பன்னெண்டு அஞ்சுக்கு. பதினொன்றரைக்கே கடைக்குப் போயிடு, பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும்ல? அப்பறம், ரெண்டே ரெண்டு வரி தயார் பண்ணி இப்ப ஒருதடவ சொல்லிப் பாத்துக்கோ. மைக்ரோவேவ் சும்மாதான் இருக்கு."

"ஒத்திகையெல்லாம் திறமை இல்லாதவங்களுக்கு, ரனீன்."

அவள் சிரிக்கவில்லை. "யஸான், இது எனக்கு..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்னாலேயே போய் என்ன செய்வது? மனதில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். முப்பத்துநான்கு சொற்கள் கொண்டது. ரொட்டி, எல்லை, அடையாளம், பசி நான்கையும் ஒரே மூச்சில் கட்டிப்போடும் வாக்கியம். எங்கள் பேராசிரியர் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

வரிசை பேக்கரியில் தொடங்கி மருந்துக் கடையைத் தாண்டி மெக்கானிக் ஷெட் வரை நீண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூடத் தனக்காக ரொட்டி வாங்க வரவில்லை. தொப்பி வைத்த ஒருவர், "எனக்கில்லப்பா, பக்கத்து வீட்டுக்காரருக்கு," என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நான்தான். ஆனா எனக்கும் இல்ல," என்றார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருபத்தைந்து ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாய்க்கு," என்றார் என்னிடம், நான் எதுவும் கேட்காமலே.

"எத்தன நாய்?"

"ஒண்ணுதான். நல்லாச் சாப்பிடும்."

பெரியப்பா அபு நக்லே அடுப்பு வெக்கையில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். மீசைக்குப் புதிதாக மை. அத்தர் வாசனையில் ரொட்டி வாசனை பின்வாங்கியிருந்தது.

"ரனீன் எங்கடா?"

"ஸ்டூடியோவுல, பெரியப்பா. நாற்காலியில."

"அப்ப இங்க யாரு பேசறது?"

"நான்."

என்னை உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "இதுக்கா நான் கோட்டு போட்டேன்?"

போனை எள் மூட்டையின் மேல் சாய்த்து வைத்து, காதில் இயர்போனைச் செருகினேன். வரிசையில் நின்றவர்கள் போனைப் பார்த்ததும் ஒரே நேரத்தில் பைகளை முகத்துக்குத் தூக்கினார்கள். கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் ஆட்கள் மாதிரி இருந்தது.

"யஸான், நான் அல்மாஸ்," என்றது காதில் ஒரு குரல். "கேக்குதா? மூக்கு அப்படியே அக்கா மூக்கு. ஒரு நிமிஷம் இருக்கு. நேராப் பாரு. எதையும் தொடாத."

அவளுக்குப் பின்னால் ரனீனின் குரல் கேட்டது. வட்டி விகிதம். பிறகு துறைமுகம். தினமும் ஐந்தரை மணிக்குக் கேட்கும் அதே குரல்தான். ஆனால் இப்போது எதிரே அடுப்பு இல்லை, நாடு இருக்கிறது. முப்பத்துநான்கு சொற்களை எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பதுதான் இருந்தன.

"பதினஞ்சு நொடி," என்றாள் அல்மாஸ்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

பெரியப்பாவின் கடையில் ஒரு சட்டம் உண்டு. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை ஒரு வாயாவது தின்னாமல் அங்கே யாரும் வாயைத் திறந்து பேசக் கூடாது. மறுத்தால் அவருடைய அப்பாவை அவமதித்ததாகப் பொருள். மறுத்த சுகாதார ஆய்வாளர் ஒருவரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். அபராத ரசீதைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினார். ரனீன் என்னைப் பதினொன்றரைக்கே போகச் சொன்னது எதற்கு என்பது, தயிர்க்கட்டியும் ஸஅத்தர் மூலிகைப் பொடியும் எண்ணெயும் ஒழுகும் அரை ரொட்டி என் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு வாய்," என்றார்.

தலையை ஆட்டினேன். போனைக் காட்டினேன். கைகூப்பினேன். அவர் முகம் சுருங்கிய விதத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன். ஒரு வாய் என்று சொன்னவர் அரை ரொட்டியையும் உள்ளே தள்ளினார்.

"லைவ்," என்றாள் அல்மாஸ்.

"ஷஃபா அம்ரிலிருந்து யஸான் நம்மோட இணையறார்," என்றது ரனீனின் குரல். "யஸான், வரிசை எப்படி இருக்கு?"

நான் மென்றேன்.

அடுப்பிலிருந்து வந்த பிட்டாவை அவசரமாக மென்றால் அது குறையாது, பெருகும். ரொட்டி கொதித்தது. கண்ணில் நீர் கட்டியது. ஸஅத்தர் பொடி மூக்குக்கு ஏறியது. எதிரே போன் திரையின் மூலையில் நானே தெரிந்தேன், இரண்டு கன்னமும் உப்பி, நாடு முழுக்கப் பார்க்க, முகத்துக்குக் கீழே 'யஸான், நேரில் கண்டவர்' என்ற எழுத்துகளோடு. தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் இந்நேரம் கௌரவமாக நின்றிருக்கும்.

"ஐயோ," என்று அல்மாஸ் மெல்லச் சொன்னது கேட்டது. அவளுக்கும் பின்னால் ஓர் ஆண் குரல், "விளம்பரத்துக்குப் போ, போ!" என்றது.

ஆனால் ரனீன் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள். அவசரமே இல்லாமல்.

"நம்ம ஆள் இப்ப ஆதாரத்த நேரடியாப் பரிசோதிச்சுக்கிட்டிருக்கார். ஆதாரம் சூடா இருக்குன்னு அவர் கண்ணப் பாத்தாலே தெரியுது. நேயர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்தக் கடையில பேசணும்னா மொதல்ல சாப்பிடணும், அது உரிமையாளரோட சட்டம். அஞ்சு வருஷமா நானும் அதுக்குக் கட்டுப்பட்டவதான். என்ன, நான் லைவுக்கு முன்னாடியே முடிச்சுடுவேன். யஸான், இறங்கிடுச்சா?"

இறங்கியது. முப்பத்துநான்கு சொற்களும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டன. தலைக்குள் துழாவினேன். மிச்சம் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அது தானாக வெளியே வந்தது.

"எல்லாம் நாய்க்காம்," என்றேன்.

வரிசை உறைந்தது. கன்ட்ரோல் ரூமும் உறைந்தது. பைகளுக்குப் பின்னாலிருந்து நாற்பது பேரின் கண்கள் என்னைப் பார்த்தன.

"அப்படின்னா," என்றாள் ரனீன், வட்டி விகிதம் சொன்ன அதே குரலில், "நம்ம நாட்டு நாய்களுக்கு இந்தப் பண்டிகை நல்லாப் போயிட்டிருக்குன்னு உறுதியாச் சொல்லலாம். அதுங்களுக்கும், கூடவே ஒரு வாய் சாப்பிடற வீட்டுக்காரங்களுக்கும் நம்மளோட பண்டிகை வாழ்த்துகள்."

நான் போனின் ஒலியைக் கூட்டி வைத்திருக்கவில்லை. ஆனால் வரிசையில் பாதிப் பேர் தங்கள் போனில் அதே சேனலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கறுப்புக் கண்ணாடி அம்மாள் பையை இறக்கி, கண்ணாடியையும் கழற்றிவிட்டு, போனைப் பார்த்துக் கத்தினார்.

"அவன் பேரு பூம்பா, ரனீன்! நெசமாவே நாய் இருக்கு!"

பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தொப்பிக்காரரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "ரனீன், இந்த வருஷம் ஏன் நீ வரல?" என்று யாரோ கேட்டார்கள்.

"இந்த வருஷம் நான் உள்ள உக்காந்திருக்கேன்," என்றாள் ரனீன். "எனக்கும் நாலு ரொட்டி எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். அபு நக்லே, கோட்டு பிரமாதம். அடுத்ததாக, நாளை முதல் ரயில் நேரங்களில் மாற்றம்."

பெரியப்பா கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எள் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

அல்மாஸ் என் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். இயர்போனில் கன்ட்ரோல் ரூம் அப்படியே கேட்டது. ரயில் செய்திக்கு மேலே ஓதேதின் குரல்.

"யாரு அந்தப் பையன்?"

"அவளோட தம்பி."

"பதினாலு நொடி மென்னான். பதினாலு! நான் எண்ணினேன்."

"நானும்தான் எண்ணினேன். எண்ணறதுதானே எனக்குக் குடுத்திருக்கிற வேலை."

நான் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அக்கா வெட்டி ஒட்டிய எத்தனையோ செய்தித் துண்டுகள், எத்தனையோ ஐந்தரை மணிகள் எல்லாம் என் ஒரு வாய் ரொட்டியில் போயிருந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசித்தேன். ஜோர்டான் பக்கம் போகலாம்.

"வேற யாரா இருந்தாலும் தாளப் புரட்டியிருப்பாங்க," என்றார் ஓதேத். "இவ குனியக்கூட இல்ல. ஆமா, கடைசியில 'கூட்டு வாழ்வின் மணம்'னு சொல்லச் சொன்னேனே, சொன்னாளா?"

"சொல்லல."

"நல்லவேளை."

"இது விபத்துக் கணக்குல வருமா ஓதேத்? அஞ்சு நாள் விபத்தில்லாமப் போகணும்னு சொல்லியிருந்தீங்களாம்."

"விபத்து வந்தா இவ என்ன பண்ணுவான்னு தெரியறதுக்குத்தானே அஞ்சு நாள். மொத நாளே வந்துடுச்சு. இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது? சனிக்கிழமைக்குப் பலகையில அவ பேர எழுது."

"ஒட்டுச்சீட்டா, மார்க்கரா?"

பதில் ஆட்களின் பெயர் அந்த அலுவலகப் பலகையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டில்தான் இருக்கும். ரனீனின் பெயர் உதிர்ந்து யாருடைய செருப்பிலோ ஒட்டிக்கொண்டு கேன்டீன் வரை போன கதை எங்கள் வீட்டில் பிரசித்தம்.

"மார்க்கர்," என்றார் ஓதேத். "அந்தப் பையன் நாளைக்கும் வேணும். ஜனங்க எழுதித் தள்ளறாங்க. ஆனா வாய் காலியா இருக்கணும். ரெண்டு வரி ஒழுங்காப் பேசட்டும்."

காலடிச் சத்தம் விலகியது. பிறகு அல்மாஸின் குரல் திடீரென்று பக்கத்தில் வந்தது.

"யஸான்? லைன்லயா இருக்க?"

"இல்ல."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கல."

"அவகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்கிட்டு வாயத் தொறந்த, அப்பறம் வாழ்நாள் பூரா மென்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "பிட்டாவுக்கு இனிமே நீதான். நல்லதாப் போச்சு. அவ நாற்காலிக்குப் போயிட்டா பிட்டாவையும் என் தலையில கட்டிடுவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன்."

மாலை ஆறு மணிக்கு ரனீன் வீட்டுக்கு வந்தபோது தெருவில் பாதி எங்கள் முன்னறையில் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, கேன்டீனில் எல்லோரையும் வேலையை நிறுத்தவைத்துச் செய்தி பார்த்த கதையை நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டாள். ரனீன் கைப்பையை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"மென்னு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைப் பலகை. சனிக்கிழமைக் கட்டத்தில் கறுப்பு மார்க்கரில் அவள் பெயர், அல்மாஸின் கோணல் எழுத்தில். அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். எழுத்துதான் தெரிந்ததே தவிர, அதற்கு அடியில் ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லை. திடீரென்று என் காதைப் பிடித்துத் திருகி, அதே இடத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள்.

"நாளைக்கு ரெண்டு வரியாம். இப்ப ஒருதடவ சொல்லிப் பாக்கறியா?"

"ரனீன், என் கொள்கை உனக்குத் தெரியும்."

"திறமை இல்லாதவங்களுக்குத்தான் ஒத்திகை. தெரியும், தெரியும்," என்றாள், போனில் பலகையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் பத்து மணிக்கே பேக்கரிக்குப் போய்விட்டேன். வெயிலுக்கு முன்னால் போவது உடம்புக்கு நல்லது. பெரியப்பா நீட்டுவதற்கு முன் நானே கேட்டு வாங்கி இரண்டு ரொட்டி தின்று, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கடைக்குப் பின்னால் மாவு இறக்கும் வேன் நின்றிருந்தது. அதற்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டேன். தெருவில் சத்தம் அதிகமாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஸ்டீயரிங்கில் ஒட்டினேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். முகவாயை அரை விரல் தாழ்த்தினேன்.

"மதிய வணக்கம், ரனீன். வரிசை இன்னிக்கு மெக்கானிக் ஷெட்டையும் தாண்டி..."

கீழே பார்த்துவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.